நீலப் பெட்டையின் கழுத்து

காலை ஏழரைக்கு ஷிப்ட் முடிந்து வந்த பரசுராமன், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகக் கூடத்துக் கூண்டைப் போய்ப் பார்த்தான். நீலப் பெட்டையின் பின்கழுத்தில் நாலணா அளவுக்கு இருந்த சொட்டை எட்டணா அளவுக்கு ஆகியிருந்தது. இறகு போன இடத்தில் தோல், உரித்த கோழி மாதிரி சுருங்கிச் சிவந்திருந்தது. கூண்டின் தட்டில் நிறைய இறகு கிடக்கும் என்று குனிந்தான். தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் சுத்தமாக இருந்தது. புதுத் தாள்.

"பேப்பர மாத்தினியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

"நாறுது, மாத்தினேன்" என்றாள் அவன் பெண்டாட்டி பாஞ்சாலி அடுப்படியிலிருந்து.

"காலைல ஏழு மணிக்கா?"

"ஏன் மாமா, பஞ்சாங்கம் பாத்துத்தான் மாத்தணுமா?"

 கொஞ்ச நாளாகவே அவன் வரும்போது தாள் புதுசாக இருந்தது. விழுந்த இறகு எங்கே போகிறது என்று கேட்க நினைத்தான். கேட்டால் பதிலை ஜாக்கிரதையாகச் சொல்வாள், கேட்காமல் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று விட்டுவிட்டான்.

அவனிடம் இருந்தவை நாலு. பச்சை இரண்டு, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. புத்தகத்தில் பட்ஜி என்று போட்டிருக்கும். அவன் ஊரான வடக்குப்பட்டில் அவை லவ் பேர்ட்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் மூர் மார்க்கெட்டில் வாங்கி, ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பிரியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் வேறு எவன் வீட்டிலும் இல்லாத பொருள் அது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் கூண்டின் முன் பத்து நிமிடம் நிற்பார்கள். அந்தப் பத்து நிமிடம் அவனுக்குப் பிடிக்கும். இப்போது வருகிறவர்கள், "இன்னாப்பா இது, சீக்குக் கோழியாட்டம் கீது?" என்று கேட்டுவிட்டு உட்காராமல் போனார்கள்.

இறகு கொட்டுவது ஜூலையில் தொடங்கியது. முதலில் மஞ்சள், பிறகு பச்சைகள், கடைசியாக நீலம். வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிர்ந்து முளைப்பது அவனுக்குத் தெரியும். உதிர்ந்த இடத்தில் சில நாளில் ஊசி மாதிரி வெள்ளைக் குருத்து கிளம்பும். ஊசி பிரிந்து இறகாகும். ஒரு மாதத்தில் பறவை புதுசாகிவிடும். இந்தத் தடவை குருத்து கிளம்பியது. அது பிரிவதற்குள் பக்கத்து இறகு விழுந்தது. முளைப்பதும் நிற்கவில்லை, விழுவதும் நிற்கவில்லை.

பரசுராமன் இரும்பைச் சூடாக்கி அடிக்கிற போர்ஜிங் கம்பெனியில் ஹாமர் மிஷின் ஓட்டுகிறவன். அங்கே ஒரு பீஸ் விரிசல் விட்டால் எதனால் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். இரும்பா, சூடா, டை அச்சா, ஆளா. அதே மாதிரி இதையும் கழித்தான்.

முதலில் பேன். ஒரு ராத்திரி கூண்டின்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். காலையில் வேட்டியை வெயிலில் விரித்து மடிப்பு மடிப்பாகத் தேடினான். பேன் இருந்தால் சிவப்புப் புள்ளியாக ஊரும். ஒன்றும் ஊரவில்லை. கூண்டின் இடுக்குகளில் ஊசி விட்டுக் கிளறினான். துருதான் வந்தது.

அடுத்தது ஜோடிச் சண்டை. பின்கழுத்தில் விழும் சொட்டையை எந்தப் பறவையும் தானே பண்ணிக்கொள்ள முடியாது. அலகு எட்டாது. ஆகவே இன்னொன்று பிடுங்குகிறது. இதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பழைய எலிக்கூண்டைக் கழுவி, நீலத்தை மட்டும் அதில் போட்டு, பெரிய கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்தான். ஐந்து நாள் வைத்தும் சொட்டை வளர்ந்தது. மறுபடி பழைய கூண்டிலேயே விட்டான்.

பேன் இல்லை. ஜோடி இல்லை. தினை அதே கடைத் தினை. தண்ணீர் அதே கிணறு. மிச்சம் இருந்தது மனுஷன் கை.

வீட்டில் மனுஷர் மூன்று பேர். அவன், அவன் பெண்டாட்டி, பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் அறையில் குடியிருந்த ஜெபகுமார்.

ஜெபகுமார் பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் ஆள். இருபத்தாறு வயது. சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்கும் தெற்கே, கடலோரம். பிப்ரவரியில் குடி வந்தான். மே மாதம் வரை அவனைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் வெளியூர் ஆளைக் குடிவைத்த வீட்டுக்காரன் எல்லாம் ஸ்டேஷனில் பெயர், ஊர், வேலை எழுதிக் கொடுத்தான். ஜெபகுமார் டீக்கடையில் வாயைத் திறந்து, "அண்ணே, ஒரு சாயா தாருங்கோ" என்று கேட்டால் போதும், பெஞ்சில் இருந்தவர்களின் பேச்சு நின்றுவிடும். கன்னியாகுமரிப் பக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள் என்பது அங்கே எவனுக்கும் தெரியாது. இலங்கை ரேடியோவில் கேட்டது மாதிரி இருந்தது. அது போதும்.

"பரசு, உன் வூட்டு ஆளு பேசறது கடல் தாண்டின தமிழுப்பா. பாத்துக்கோ" என்றான் டீக்கடை ரகுபதி.

பரசுராமன் பார்த்துக்கொண்டான். ஜூனில் இருந்து அவனுக்குத் தொடர்ந்து நைட். பெண்டாட்டி தனியாகப் படுக்கிறாள், பின்னால் ஓர் அந்நிய ஆள். பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டான். இருட்டினதும் கூடத்து டியூப் லைட்டைப் போட வேண்டும், விடியும் வரை அணைக்கக் கூடாது என்று பாஞ்சாலியிடம் கண்டிப்பாகச் சொன்னான். வெளிச்சம் இருந்தால் வீட்டில் ஆள் விழித்திருப்பதாகத் தெரியும். கூண்டும் அந்தக் கூடத்தில்தான், அந்த லைட்டுக்கு நேர் கீழே தொங்கியது. பகலில் அவன் தூங்க வேண்டும், பறவைகள் கத்தும். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கறுப்புத் தார்ப்பாயால் கூண்டைத் தரை வரை மூடிவிட்டுப் படுப்பான். மூடினால் சத்தம் அடங்கிவிடும். நல்ல ஏற்பாடு என்று நினைத்திருந்தான்.

அன்று மத்தியானம் தூங்கி எழுந்து தார்ப்பாயை எடுத்தபோது கூண்டுக் கம்பியில் ஏதோ வெள்ளையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. ஒரு சாண் நீளம், ஓடம் மாதிரி வடிவம். ஒரு பக்கம் வழுவழுப்பு. மறுபக்கத்தை நகத்தால் சுரண்டினான், மாவாக உதிர்ந்தது. மோந்து பார்த்தான். கருவாட்டு வாடை. பாஞ்சாலியைக் கேட்டான். "எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

ஜெபகுமார் ஐந்தரைக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவினான். பரசுராமன் அந்த வெள்ளைப் பொருளை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இன்னாப்பா இது?"

"கணவா ஓடுண்ணே."

"இன்னாது?"

"கடல் மீனுக்க ஓடு. எனக்க வீட்டுல இருந்து கொண்டாந்தேன். பறவ அலகு தேய்க்கியதுக்கு நல்லது. சுண்ணாம்புச் சத்து. சும்மா கெட்டி விட்டேன்."

"யாரக் கேட்டுக் கட்டின?"

ஜெபகுமார் முகத்துத் தண்ணீரைத் துடைத்தான். அடுப்படிப் பக்கம் ஒரு நொடி பார்த்தான். பரசுராமன் அந்தப் பார்வையைக் கவனித்தான்.

"கேக்கல்லண்ணே. தப்புதான்."

"அதுங்க முடி கொட்றதே இத்தத் தின்னுட்டுத்தான் போலக்கீது."

"அது இன்னைக்குத்தானே கெட்டுனது, முடி ஜூலைல இருந்து..."

"ஜூலைன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

ஜெபகுமார் பேசவில்லை. அவன் அப்படித்தான். நாலு வார்த்தை பேசிவிட்டு, எதிரில் இருப்பவன் முகம் மாறுவதைப் பார்த்ததும் நிறுத்திவிடுவான். பேசினால் ஒரு சந்தேகம், பேசாவிட்டால் ஒன்பது. பரசுராமன் ஓட்டைத் தூக்கி வேலிக்கு வெளியே வீசி எறிந்தான்.

"கூண்டாண்ட உன்னப் பாத்தேன், நல்லாருக்காது. சொல்லிட்டேன்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே பரசுராமனுக்கு விழிப்பு வந்துவிட்டது. பாஞ்சாலி வாலாஜாபாத் சந்தைக்குப் போயிருந்தாள். ஜெபகுமார் வேலையில் இருந்தான். அறைப் பூட்டுக்கு இன்னொரு சாவி வீட்டுக்காரனிடம் எப்போதும் உண்டு. சட்டைகூடப் போடாமல் பின்பக்கம் போய்த் திறந்தான்.

பாய், பைபிள், ஒரு தகரப் பெட்டி. பெட்டியில் பூட்டு இல்லை. மடித்த துணிகளுக்கு அடியில் கம்பெனிப் பழுப்புக் கவர்கள், கட்டுக்கட்டாக. ஒவ்வொன்றின் மேலும் தேதி. ஒன்றைப் பிரித்தான். உள்ளே இறகு. நீலம் தனியாக, பச்சை தனியாக, மஞ்சள் தனியாக. நீளமான இறக்கை இறகை நூல் போட்டுக் கட்டியிருந்தான். பஞ்சு மாதிரிக் குஞ்சு இறகுகள் தனி மடிப்பில். பரசுராமன் கவரைக் கீழே வைத்தான். வந்தது கோபமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. இறகை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? எதுவும் தோன்றவில்லை. தோன்றாததால் பயம் கூடியது.

கவர்களுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"ஆக. 13. வி 6.20. மூ 8.10. தி 3.00. நீ 14. ப 9. ம 6."

"ஆக. 14. வி 6.15. மூ 8.25. தி 3.10. நீ 16. ப 11. ம 6."

அவன் கட்டிலில் படுப்பது எட்டு எட்டேகாலுக்கு. எழுந்திருப்பது மூன்று மணிக்கு. பதினாலாம் தேதி ஒரகடம் கூட்ரோட்டில் சைக்கிள் பஞ்சராகி அவன் லேட்டாக வந்தான். அதுகூட இருந்தது. எட்டு இருபத்தைந்து. எவனோ அவன் தூக்கத்தை நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான்.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று மெல்ல உறைத்தது. மூன்று மணிக்கு ஜெபகுமார் பம்பு கம்பெனியில் இருப்பான். பிறகு மூன்று பத்து என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு எவனோ பார்த்துச் சொல்கிறான். ஒரு ஆள் இல்லை. குறைந்தது இரண்டு ஆள்.

கழித்துக்கொண்டே வந்தால் முடிவில் ஒன்றுதான் நிற்கும். பரசுராமன் சட்டையை மாட்டி, நோட்டை அதற்குள் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்குச் சைக்கிளை மிதித்தான்.

ஏட்டு நடேசன் நோட்டைப் புரட்டினார்.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார்.

"ஆளுங்க யாராச்சும் வந்து போறாங்களா?"

"ரெண்டு பேரு."

"நீ பாத்தியா?"

இங்கே பரசுராமன் ஒரு நிமிடம் நின்றான். பார்க்கவில்லை. ஆனால் இருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது. இல்லாவிட்டால் மூன்று பத்து என்று எப்படி வரும்?

"பாத்தேன்" என்றான். "கைல பை இருந்திச்சு."

பையை அவனே சேர்த்தான். ஏன் சேர்த்தான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மாலை ஐந்து மணிக்குப் பம்பு கம்பெனி கேட்டில் ஷிப்ட் விட்டபோது போலீஸ் ஜீப் நின்றது. அன்று இரவு பரசுராமன் வழக்கம்போல் வேலைக்குப் போனான். பாஞ்சாலியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அவன் வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அந்தத் தம்பி ராத்திரி வூட்டுக்கு வரல மாமா."

"உனுக்கு இன்னா அக்கற?"

"ரூம்பு தெறந்து கெடக்குது. பொட்டி கலஞ்சி கெடக்குது. திருடன் பூந்துட்டானா?"

"திருடன் உள்ளதாங்கெடந்தான். புட்ச்சிக் குடுத்துட்டேன்."

சொன்னான். கவர், நோட்டு, ஏட்டு, எல்லாம். சொல்லச் சொல்லத் தன் புத்திசாலித்தனம் அவனுக்கே பிடித்திருந்தது. பாஞ்சாலியின் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தான். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அட பாவி" என்றாள். "அது குருவிக் கணக்குய்யா."

"இன்னாது?"

"நான்தான் அந்தத் தம்பியக் கேட்டேன். முடி கொட்டுதே, உன் கம்பேனில தப்பு கண்டுபுடிக்கிற வேலதான, இதுக்கு ஒரு வழி சொல்லேன்னு கேட்டேன். தெனமும் காலைல தட்டுப் பேப்பரோட சுருட்டிக் குடுப்பேன். அது எண்ணிப் பாத்து எழுதிக்கும். வேரு முழுசா கீதா, கடிச்ச மாதிரி கீதான்னு கண்ணாடி வெச்சிப் பாக்கும். எல்லாம் முழுசா கீது, எவனும் புடுங்கல, தானாத்தான் உழுதுன்னு போன வாரமே சொல்லிச்சு."

"மூணு மணி அவனுக்கு எப்டித் தெரியும்?"

"நான் சொல்றதுதான். தார்ப்பாய எப்போ மூடற, எப்போ தெறக்கறேன்னு."

பரசுராமன் அவளையே பார்த்தான். இரண்டாவது ஆள் கதவுநிலையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் தூங்கறப்போ நீ அவனாண்ட பேசிகினு இருந்தியா?"

"ஆமா, கொஞ்சிக் குலாவிகினு இருந்தேன். ஏன்யா, உனுக்குப் புத்தி அதுலதான் போவுமா? கெணத்தடியில தண்ணி எடுக்கறப்போ பேசறது. ஊரே பாக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணிருப்ப? இப்போ பண்ணதத்தான்."

 அவன் வேறு பக்கம் திரும்பினான்.

"சரி. எதனாலயாம்?"

பாஞ்சாலி முந்தானையை முறுக்கினாள்.

"லைட்டு" என்றாள். "போன மாசம் ஸ்டார்டர் போயி அஞ்சு நாளு லைட்டு எரியல, நெனப்பு கீதா? நீ சாவகாசமா வாங்கியாந்தியே. அந்த அஞ்சு நாளு மட்டும் பதினாலு பாஞ்சி உழறது மூணு நாலா கொறஞ்சி போச்சாம். மறுபடி லைட்டு வந்திச்சு, மறுபடி கொட்டுது. ராத்திரி பூரா வெளிச்சம், பகல்ல தார்ப்பாயி. ஞாயித்துக்கெழம நீ மூடறதில்ல, அன்னிக்கி இருட்டே கெடையாது. அதுங்களுக்கு எப்போ தூங்கறதுன்னே தெரியலயாம். ஒடம்பு கொழம்பிப் போயி, வருசத்துக்கு ஒரு தபா கொட்ட வேண்டியது எப்பவும் கொட்டுதாம். பொழுது சாஞ்சதும் லைட்ட அணைங்கக்கா, பதினஞ்சு நாள்ல தெரியும்னு சொல்லிச்சு."

"அணைக்க வேண்டியதுதான?"

"எப்டி அணைக்கறது? நீதான அணைக்காதன்னு சொன்ன. ஏன்கா முடியாதுன்னு அது கேட்டிச்சு. இன்னான்னு சொல்ல? தம்பி, உனக்குப் பயந்துதான்பா வெளக்கு எரியுதுன்னு அது மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியுமா?"

பரசுராமன் கூடத்துக்குள் போனான். காலை எட்டு மணி வெயிலிலும் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. நீலப் பெட்டை அதற்குக் கீழே கண்ணைப் பாதி மூடி, முதுகைக் குறுக்கிக்கொண்டிருந்தது. சொட்டையில் குருத்துகள் மிளகாய் விதை மாதிரிக் குத்திட்டு நின்றன. நாலு மாதம் நைட் பார்த்தவனுக்கு அந்தக் கண்ணை அடையாளம் தெரியாமல் போகாது. தெரிந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சும்மா இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தான். குற்றம் இல்லாவிட்டால் அவர்களே விட்டுவிடப் போகிறார்கள். ஆனால் ஏட்டு நேற்றுச் சொன்னது நினைவில் இருந்தது: திங்கட்கிழமை காலை மெட்ராஸிலிருந்து ஆள் வரும், கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே போனவன் எப்போது திரும்புவான் என்று யாரும் சொல்ல முடியாத வருடம் அது. நோட்டை விளக்கிவிடலாம். அந்த இரண்டு பேரை என்ன செய்வது? பார்த்தேன் என்று சொன்னவன் இவன். பார்க்கவில்லை என்று இவன்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஏன் மாற்றிப் பேசுகிறாய் என்று கேட்பார்கள். இவனையும் உட்கார வைப்பார்கள்.

"நீ போவலன்னா நான் போறேன்" என்றாள் பாஞ்சாலி.

கூண்டைக் கேரியரில் வைத்துக் கட்டினான். அவள் பின்னால் நடந்து வந்தாள்.

ஸ்டேஷனில் ஜெபகுமார் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது, வேறு எதுவும் ஆகவில்லை. இவர்களைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை. ஏட்டு கூண்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாய்யா, சாட்சிய இட்டாந்துட்டியா?"

"ஏட்டையா, அந்த நோட்டு குருவிக் கணக்காம். எனக்கு இப்போதான் தெரியும்."

"அவனும் நேத்துலர்ந்து அதையேதான் சொல்றான். வின்னா இன்னா?"

"வெளக்குங்க."

"மூ?"

"மூடறதுங்க. தார்ப்பாயி."

"தி?"

"தெறக்கறது. அத்த நான்தான் சொல்லுவேன் அய்யா" என்று பாஞ்சாலி முன்னால் வந்தாள்.

ஏட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஓ. வூட்டுக்காரரு தூங்கறப்போ நீ போய்ச் சொல்லுவியா? நல்ல பழக்கம்தான்."

பரசுராமனின் காது சூடாகியது. அவன் ஜெபகுமாரைப் பார்த்தான். ஜெபகுமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி மட்டும் அசையவில்லை. "குருவிக்குச் சீக்கு அய்யா. டாக்டராண்ட போனாலும் எப்போத்துலர்ந்துன்னு கேப்பாருல்ல?" என்றாள்.

ஏட்டு நோட்டையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தார். கூண்டுக்குள் விரல் விட்டார். நீலம் விரலைக் கொத்தியது. கையை இழுத்துக்கொண்டார்.

"சரி. நோட்டு குருவிக்கு. அந்த ரெண்டு பேரு?"

பரசுராமன் கூண்டின் கொக்கியைச் சரிசெய்தான்.

"அது... சரியா தெரியலீங்க."

"பாத்தேன்ன."

"பாத்த மாதிரி இருந்திச்சு."

"கைல பைன்ன. எந்தக் கைல?"

"ஏட்டையா..."

"எந்தக் கைன்னு கேக்கறேன். நேத்து நீ சொல்லி நான் எழுதி, இன்ஸ்பெக்டரு மெட்ராஸுக்குப் போன் போட்டாச்சு. நாளைக்கு வர்றவங்க மொதல்ல கேக்கப் போறது குருவிய இல்ல, அந்தப் பைய. இவன் எவ்ளோ குடுத்தான் உனக்கு? பேச்ச மாத்தறதுக்கு?"

"ஒண்ணும் குடுக்கலீங்க."

"அப்போ நேத்து சொன்னது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெபகுமார் இப்போதுதான் தலையை நிமிர்த்தினான். கெஞ்சும் பார்வை இல்லை. பம்பு கம்பெனியில் ஒரு பீஸை அளவுக் கருவியில் வைத்துவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பானே, அந்தப் பார்வை.

"பொய்" என்றான் பரசுராமன். "யாரும் வரல. நான் யாரையும் பாக்கல."

"ஏன் சொன்ன?"

"இருக்கும்னு தோணிச்சு."

 ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் தள்ளினார். "எழுது. நீயே உன் கையால எழுது. தோணிச்சுன்னு சொன்னேன்னு எழுது."

எழுதினான். எழுதியதை ஏட்டு இரண்டு முறை திருத்தச் சொன்னார். கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பம்பு கம்பெனி டைம் ஆபீஸிலிருந்து ஒருவர் வருகைப் பதிவோடு வந்து பொறுப்பு எழுதிக் கொடுத்தார். ஜெபகுமாரை விட்டார்கள். நோட்டைத் தரவில்லை. பரசுராமன் மறு உத்தரவு வரும் வரை திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பரசுராமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜெபகுமாரின் பக்கத்தில் போனான்.

"வூட்டுக்கு வா. சாப்ட்டுட்டுத் தூங்கு."

"இல்லண்ணே."

"தப்பு நடந்து போச்சுப்பா. காலம் அப்டி."

"காலமாண்ணே?" என்றான் ஜெபகுமார். அவ்வளவுதான். டைம் ஆபீஸ்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டான். ஏறிய பிறகு பாஞ்சாலியைப் பார்த்து, "அக்கா, செவ்வாக்கெழம வந்து பெட்டிய எடுத்துக்கிடுதேன்" என்றான்.

அன்று இருட்டியதும் பரசுராமனே லைட்டை அணைத்தான். காலையில் தார்ப்பாய் போடவில்லை. ஊசிக் குருத்து பிரிந்து இறகாக இன்னும் மூன்று வாரமாவது ஆகும். அது வரை எதுவும் தெரியாது. ஒருவேளை நீலம் சரியாகாமலேகூடப் போகலாம்.

செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு அவன் கட்டிலில் கிடந்தான். தூக்கம் இல்லை. பின்பக்கம் தகரப் பெட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஒரு கை பிடிக்கலாம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை நேற்று முழுக்க வாயில் போட்டுப் பார்த்திருந்தான். அது அவன் வாய்க்குப் பொருந்தவில்லை. எழவில்லை.

பாஞ்சாலியின் குரல் கேட்டது. பிறகு ஜெபகுமாரின் குரல். தணிந்த குரல். பிறகு மறுபடி அவள். இரண்டு வார்த்தையில் முடிய வேண்டிய பேச்சு நீண்டுகொண்டே போனது. என்ன பேசுகிறார்கள்? பறவையைப் பற்றியா, தன்னைப் பற்றியா? பரசுராமன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காதைக் கொடுத்தான். கூடத்தில் நாலு பறவையும் வெயிலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கத்தலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

பாஞ்சாலி சிரித்தாளா, அழுதாளா, வெறுமனே இருமினாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தான்.